வாராந்திர பாட்காஸ்ட் வழியே பிரிட்டன் அரசியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டன் அரசியலை வாராந்திர பாட்காஸ்ட் வழியே கேட்டுவருகிறேன் என்பது தெரிந்ததும் நண்பர்களும் உறவினர்களும் எழுப்பும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பியிருக்கும் பெற்றோர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், ஆர்வத்தால் கேட்கத் தொடங்கிச் சில வாரங்களிலேயே குழம்பிப்போனவர்கள் எனப் பலரும் கேட்டவற்றை அவர்களுடைய சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

தினமும்தான் செய்தி வருகிறதே, வாரத்துக்கு ஒரு பாட்காஸ்ட் எதற்கு?

2022 செப்டம்பர் 23 அன்று அப்போதைய நிதியமைச்சர் குவாசி குவார்டெங், ஏறத்தாழ 4,500 கோடி பவுண்டு வரிக்குறைப்பை அறிவித்தார். அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்ற கணக்கு அதில் இல்லை. 28ஆம் தேதி, சரிந்துகொண்டிருந்த அரசுக் கடன்பத்திரச் சந்தையில் நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி தலையிட வேண்டியதாயிற்று. அக்டோபர் 14 அன்று குவார்டெங் நீக்கப்பட்டார். 17 அன்று புதிய நிதியமைச்சர் ஜெரமி ஹண்ட் அந்த அறிவிப்புகளில் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெற்றார். 20 அன்று பிரதமர் லிஸ் டிரஸ் பதவி விலகுவதாகச் சொன்னார். தலைப்புச் செய்திகளாக மட்டும் படித்தவருக்கு இவை ஐந்து தனித்தனி அதிர்ச்சிகள். வாரம்தோறும் கேட்டுவந்தவருக்கோ, கடன்பத்திரச் சந்தையில் தொடங்கிய நெருக்கடி எந்தெந்தப் படிகளின் வழியாக ஆளுங்கட்சி உறுப்பினர்களின் பொறுமையை வந்து தொட்டது என்பது ஒரே தொடராகத் தெரிந்திருக்கும்.

ஆனால், வாராந்திர நிகழ்ச்சி செய்திக்கு மாற்று ஆகாது. தலைப்புச் செய்திகள் கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று எண்ணிக்கொண்டுதான் தொகுப்பாளர்கள் பேசத் தொடங்குகிறார்கள். ஆகவே அன்றாடம் சில நிமிடமாவது தலைப்புகளைப் பார்த்துவைப்பது நல்லது.

ஏகப்பட்டது இருக்கிறதே, எதில் ஆரம்பிப்பது?

இரண்டு போதும்: செய்தியாளர்கள் நடத்துவது ஒன்று, முன்னாள் அரசியல்வாதிகள் நடத்துவது ஒன்று. முதல் வகையில் கார்டியன் நாளிதழின் ‘பாலிடிக்ஸ் வீக்லி யுகே’ புதியவர்களுக்கு ஏற்றது. பிபிசி ரேடியோ 4இன் ‘தி வீக் இன் வெஸ்ட்மின்ஸ்டர்’ 1929இல் தொடங்கியது. வாக்குரிமையில் பெண்கள் ஆண்களுக்கு நிகரான அடுத்த ஆண்டே, பெண் நேயர்களை மனத்தில் கொண்டு, பெண் உறுப்பினர்களையே பேசவைத்து உருவாக்கிய நிகழ்ச்சி அது. இரண்டாம் வகையில் ‘தி ரெஸ்ட் இஸ் பாலிடிக்ஸ்’, ‘பொலிடிக்கல் கரன்சி’ இரண்டும் பலரும் கேட்பவை.

அரசு இயந்திரம் உள்ளே எப்படி இயங்குகிறது என்று அறிய விரும்புபவர்கள் இன்ஸ்டிட்யூட் ஃபார் கவர்ன்மென்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் ‘இன்சைட் பிரீஃபிங்’ நிகழ்ச்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். சுவாரசியம் சற்றுக் குறைவுதான். என்னைக் கேட்டால், மற்றவற்றைவிட அதில் கற்றுக்கொள்வது அதிகம்.

பெயர்களும் உச்சரிப்பும் பிடிபடவில்லை. எத்தனை பேரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்?

ஆட்களைவிடப் பதவிகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரதமர், சான்சலர் எனப்படும் நிதியமைச்சர், உள்துறை அமைச்சர், வெளியுறவு அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர், சபாநாயகர் ஆகிய ஆறும் தெரிந்தால் போதும். ரிஷி சுனக், நதிம் ஜஹாவி, குவார்டெங், ஹண்ட் என 2022ஆம் ஆண்டில் மட்டும் நான்கு நிதியமைச்சர்கள் இருந்தார்கள். பெயரைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் அந்த ஆண்டில் தடுமாறித்தான் இருப்பார்கள்.

இடப்பெயர்களும் அப்படியே. ‘நம்பர் டென்’ என்றால் பிரதமர் அலுவலகம், ‘டிரெஷரி’ என்றால் நிதியமைச்சகம், ‘வைட்ஹால்’ என்றால் அதிகாரிகள் அடங்கிய நிர்வாகம், ‘வெஸ்ட்மின்ஸ்டர்’ என்றால் நாடாளுமன்றமும் அதைச் சுற்றிய அரசியலும். டிரெஷரி மீது நம்பர் டென்னுக்கு வருத்தம் என்று யாராவது சொன்னால், பிரதமரின் ஆட்களுக்கும் நிதியமைச்சரின் ஆட்களுக்கும் உரசல் என்று எடுத்துக்கொள்ளலாம். உச்சரிப்பைப் பொறுத்தவரை, முதல் சில வாரங்கள் வேகத்தைக் குறைத்து வைத்துக் கேட்பது நன்றாகவே உதவுகிறது.

எந்த நாளில் பதிவு செய்தார்கள் என்று பார்க்கச் சொல்கிறீர்களே, அதில் என்ன இருக்கிறது?

வெஸ்ட்மின்ஸ்டரின் வாரத்துக்கு ஒரு நிலையான ஒழுங்கு உண்டு. ஞாயிறு காலை தொலைக்காட்சி நேர்காணல்களில் அமைச்சர்கள் வந்து வாரத்தின் பேச்சைத் தொடங்கிவைப்பார்கள். வழக்கமாகச் செவ்வாய் காலை அமைச்சரவை கூடும். புதன் நண்பகல் 12 மணிக்குப் பிரதமரிடம் கேள்வி நேரம். வியாழனன்று அடுத்த வார அலுவல் அறிவிக்கப்படும்; தேர்தலும் இடைத்தேர்தலும் பெரும்பாலும் வியாழனில்தான் நடக்கும். வெள்ளிக்கிழமை பல உறுப்பினர்கள் தொகுதிக்குப் போய்விடுவார்கள். ஆகவே செவ்வாயன்று பதிவான அத்தியாயத்தில் வாரத்தின் முக்கியப் பகுதியே இடம்பெற்றிருக்காது.

2022 ஜூலை 5, ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று மாலை 6 மணிக்குப் பிறகு சஜித் ஜாவித்தும் ரிஷி சுனக்கும் சில நிமிட இடைவெளியில் அமைச்சரவையிலிருந்து விலகினார்கள். வியாழனன்று பிரதமர் போரிஸ் ஜான்சன் பதவி விலகலை அறிவித்துவிட்டார். செவ்வாய் பிற்பகலில் பதிவான எந்த ஆய்வும், எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், இரவு உணவுக்குள் பழையதாகியிருக்கும்.

இந்திய, இலங்கை நேரப்படி புதன் கேள்வி நேரம் கோடையில் மாலை 4.30க்கும், குளிர்காலத்தில் 5.30க்கும் தொடங்கும். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் அங்கே கடிகாரத்தை மாற்றுகிறார்கள்.

புதன்கிழமை கேள்வி நேரம் வெறும் கூச்சல்தானே? அதற்கு ஏன் பாதி நிகழ்ச்சி?

கூச்சல்தான், ஆனால் அதற்கு ஒரு சட்டகம் இருக்கிறது. பிரதமரின் அன்றைய அலுவல்கள் என்ன என்ற சம்பிரதாயக் கேள்விதான் பொதுவாக முதலில் வரும். அதன் துணைக்கேள்வி என்ன என்பது முன்கூட்டியே தரப்படுவதில்லை என்பதால், எந்தத் துறையைப் பற்றியும் பிரதமர் தயாராக வர வேண்டும். எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு கேள்விகள், மூன்றாவது பெரிய கட்சியின் தலைவருக்கு இரண்டு. கேள்வி கேட்பவர்களின் பட்டியலில் பெயர் வராத உறுப்பினர்கள் ஒவ்வொரு பதில் முடிந்ததும் எழுந்து நின்று, அழைப்பு வராவிட்டால் உட்கார்ந்து, மீண்டும் எழுவார்கள். சபாநாயகரின் கண்ணில் படுவதற்கான வழி அதுதான்.

பாட்காஸ்ட்காரர்கள் அங்கே கவனிப்பது பதில்களைவிட, பிரதமருக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் சொந்தக் கட்சியினரின் முகங்களைத்தான். ஆரவாரம் குறைந்திருந்தால் அதுவே செய்தி. கொள்கை பற்றித் தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு, ஒவ்வொரு அரசுத் துறையையும் கண்காணிக்கும் உறுப்பினர் குழுக்களான ‘செலக்ட் கமிட்டி’களின் விசாரணைகள் இதைவிடப் பயன் தரும். பல தொகுப்பாளர்கள் அவற்றை ஓரிரு நிமிடத்தில் தாண்டிவிடுவது எனக்குக் குறையாகவே படுகிறது.

தொகுப்பாளர்கள் நடுநிலையானவர்களா?

வானொலி, தொலைக்காட்சிச் செய்திகள் உரிய நடுநிலையுடன் இருக்க வேண்டும் என்ற, ஒலி-ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பின் ஒழுங்குமுறை, இணையத்தில் மட்டும் வெளியாகும் பாட்காஸ்டுகளுக்குப் பொருந்தாது. பிபிசி தன் சொந்த ஆசிரியர் நெறிகளுக்குக் கட்டுப்பட்டது. மற்றவர்கள் வெளிப்படையாகவே சார்பு எடுக்கலாம், எடுக்கவும் செய்கிறார்கள்.

‘தி ரெஸ்ட் இஸ் பாலிடிக்ஸ்’ நடத்தும் அலஸ்டர் கேம்ப்பெல், முன்னாள் தொழிற்கட்சிப் பிரதமர் டோனி பிளேரின் தகவல் தொடர்புத் தலைவராக இருந்தவர். உடன் பேசும் ரோரி ஸ்டுவர்ட், கன்சர்வேட்டிவ் அமைச்சராக இருந்து 2019இல் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டவர். ‘பொலிடிக்கல் கரன்சி’யில் ஜார்ஜ் ஆஸ்பார்ன் 2010 முதல் 2016 வரை கன்சர்வேட்டிவ் நிதியமைச்சராக இருந்தவர், தொழிற்கட்சியின் எட் பால்ஸ் எதிர்வரிசையில் அவருக்கு நேரெதிரே நிழல் நிதியமைச்சராக அமர்ந்திருந்தவர். பால்ஸின் மனைவி இவெட் கூப்பர் 2024 ஜூலையில் உள்துறை அமைச்சரானார். இவற்றைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. அதிகாரத்தின் அறைக்குள் இருந்தவர்களுக்குத் தெரிவது செய்தியாளருக்குத் தெரியாது. ஆனால் ஆஸ்பார்ன் காலத்துச் செலவுக் குறைப்பைப் பற்றி ஆஸ்பார்னே பேசும்போது, அதைத் தற்காப்பு வாக்குமூலமாகக் கேட்க வேண்டும்.

இரண்டு கட்சியினர் எதிரெதிரே அமர்ந்துவிட்டால் சமநிலை வந்துவிட்டது என்று எண்ணவும் கூடாது. மேலே சொன்ன நால்வரும் 2016 பொதுவாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதை ஆதரித்தவர்கள். வெளியேற வாக்களித்த ஏறத்தாழ 52 சதவீதத்தினரின் குரல் அந்த மேசைகளில் இல்லை.

‘மூத்த அமைச்சர் ஒருவர் என்னிடம் சொன்னார்’ என்கிறார்களே, அதை நம்பலாமா?

சொல்லப்பட்டது உண்மையாக இருக்கலாம். ஏன் சொல்லப்பட்டது என்பதுதான் கேள்வி. ‘லாபி’ என்ற பெயரில் நாடாளுமன்ற வளாகத்துக்குள் நடமாடும் உரிமை பெற்ற செய்தியாளர் குழு ஒன்று உண்டு; பேர் வெளியிடாத நிபந்தனையில் அவர்களிடம் பலரும் பேசுகிறார்கள். நிதிநிலை அறிக்கைக்கு முன்பு ஒரு வரி யோசனையைக் கசியவிட்டு, எதிர்ப்பு பலமாக வந்தால் கைவிடுவது வெகுகாலமாக நடந்துவரும் உத்தி.

பெயர் குறிப்பிட்டு வருபவற்றிலும் வேறுபாடு உண்டு. பிரதமரின் அதிகாரபூர்வச் செய்தித் தொடர்பாளர் ஓர் அரசு அதிகாரி என்பதால் கட்சிப் பூசல் பற்றிப் பேசமாட்டார். அதற்கு வேறு அரசியல் செய்தித் தொடர்பாளர் இருக்கிறார். நம்பர் டென் கருத்துச் சொல்ல மறுத்தது என்று கேட்டால், இருவரில் யாரிடம் கேட்டார்கள் என்று பாருங்கள்.

33.7 சதவீத வாக்குக்கு 411 இடமா? இது எப்படி நியாயம்?

2024 ஜூலை 4 தேர்தலில் தொழிற்கட்சிக்கு 650 இடங்களில் 411 கிடைத்தன. இந்தியாவில் உள்ளதைப் போலவே, தொகுதியில் அதிக வாக்குப் பெற்றவரே வெற்றி பெறும் முறை அங்கும் இருப்பதால் இது நிகழ்கிறது. ரிஃபார்ம் யுகே கட்சி 14.3 சதவீத வாக்குடன் 5 இடங்களே பெற்றது. லிபரல் டெமாக்ரட் கட்சி 12.2 சதவீதத்துடன் 72 இடங்களைப் பிடித்தது. முன்னதன் வாக்கு நாடெங்கும் பரவிக் கிடந்தது. பின்னது, வெல்லக்கூடிய தொகுதிகளில் குவிந்திருந்தது. நியாயமா என்பது அங்கேயே தீராத வழக்கு.

அவ்வளவு பெரிய பெரும்பான்மை இருந்தும் அரசு ஏன் பின்வாங்குகிறது?

நம்மூர் அரசியலோடு ஒப்பிடுபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். இந்தியாவில் 1985 முதல் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருப்பதால், கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். பிரிட்டனில் அப்படி ஒரு சட்டம் இல்லை. கொறடா அனுப்பும் வாராந்திர அறிவிப்பில், மூன்று முறை அடிக்கோடிட்ட வாக்கெடுப்பு மிகக் கண்டிப்பானது. அதை மீறினாலும் கட்சி அவரை நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கலாமே தவிர, தொகுதி அவருடையதாகவே இருக்கும். இரு குழந்தைகளுக்கு மேல் உதவித்தொகை இல்லை என்ற விதியை எதிர்த்து 2024 ஜூலையில் வாக்களித்த ஏழு தொழிற்கட்சி உறுப்பினர்கள் அப்படித்தான் நீக்கப்பட்டார்கள். சுயேச்சைகளாக அவையில் தொடர்ந்து அமர்ந்தார்கள்.

2025 ஜூலை 1 அன்று நடந்ததை இதற்குப் பாடமாகவே வைக்கலாம். நலத்திட்ட உதவிகளைக் குறைக்கும் மசோதாவுக்கு எதிரான திருத்தத்தில் 120க்கும் மேற்பட்ட தொழிற்கட்சி உறுப்பினர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். சில நாள்களுக்கு முன்பே சலுகைகள் அறிவித்தும் எதிர்ப்பு அடங்கவில்லை. கடைசியில், அவையில் விவாதம் நடந்துகொண்டிருந்தபோதே இணையமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் எழுந்து, மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கான தகுதியைக் கடுமையாக்கும் பிரிவு நீக்கப்படும் என்றார். எதை ஆதரித்தோ எதிர்த்தோ பேசிக்கொண்டிருந்தார்களோ அதன் மையமே பேச்சின் நடுவில் காணாமல் போயிற்று. அதற்குப் பிறகும் 49 தொழிற்கட்சியினர் எதிர்த்து வாக்களித்தார்கள்.

தேர்தலே நடக்காமல் பிரதமர் மாறிக்கொண்டே இருந்தது எப்படி?

மக்கள் தேர்ந்தெடுப்பது தொகுதி உறுப்பினரை. மக்களவையின் நம்பிக்கை யாருக்கு உண்டோ அவரை மன்னர் அழைக்கிறார். ஆளுங்கட்சி தலைவரை மாற்றிக்கொண்டால் பிரதமரும் மாறுவார். 2022இல் அப்போதைய கன்சர்வேட்டிவ் விதிப்படி, அக்கட்சி எம்.பி.க்களில் 15 சதவீதத்தினர், பின்வரிசை எம்.பி.க்களின் குழுவான 1922 கமிட்டியின் தலைவருக்குக் கடிதம் கொடுத்தால் கட்சித் தலைவர்மீது நம்பிக்கை வாக்கெடுப்பு. தொழிற்கட்சியில் போட்டியாளருக்கு அக்கட்சி எம்.பி.க்களில் 20 சதவீதத்தினரின் முன்மொழிவு தேவை. ஆகவே அங்கே சவால் விடுவது கடினம்.

அடுத்த கட்டத்தில் கட்சியின் சந்தா உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். லிஸ் டிரஸ் 81,326 வாக்குகளால் பிரதமரானார். அவருக்குப் பின் ரிஷி சுனக்குக்கு அந்த வாக்கெடுப்பும் தேவைப்படவில்லை. எதிர்த்து நிற்க ஆளில்லை. அடுத்த பொதுத்தேர்தல் 2029 ஆகஸ்டுக்குள் நடந்தாக வேண்டும் என்பது மட்டுமே சட்டம் சொல்லும் எல்லை.

பிரபுக்கள் சபை மசோதாவைத் தோற்கடித்தது என்றால், மசோதா அவ்வளவுதானா?

இல்லை. பெரும்பாலும் அது ஒரு திருத்தம் நிறைவேறியதைக் குறிக்கும். மக்களவை அதை நிராகரித்துத் திருப்பி அனுப்பும். இரு அவைகளுக்கும் இடையே மசோதா பலமுறை போய்வரலாம். புகலிடம் கோருவோரை ருவாண்டாவுக்கு அனுப்பும் மசோதா 2024 ஏப்ரலில் இப்படி இழுபட்டு, கடைசியில் நிறைவேறியது. 1911, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி, பெரும்பாலான மசோதாக்களைப் பிரபுக்களால் ஏறத்தாழ ஓராண்டு தாமதப்படுத்தத்தான் முடியும்.

ஸ்காட்லாந்து, வேல்ஸ் பற்றிப் பேசும்போது ஏன் எல்லாம் குழம்புகிறது?

மருத்துவமும் பள்ளிக்கல்வியும் அந்தந்த நாட்டு அரசுகளின் கையில் உள்ளன. லண்டன் பாட்காஸ்டில் மருத்துவமனைக் காத்திருப்போர் பட்டியல் என்று சொன்னால், அது பெரும்பாலும் இங்கிலாந்தின் பட்டியல் மட்டுமே. அதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

பட்ஜெட் வாரத்தில் எண்களைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. எதைப் பிடித்துக்கொள்வது?

ஒவ்வொரு தொகையிலும் மூன்றைக் கவனியுங்கள்: ஓராண்டுக்கா, ஐந்தாண்டுக்கும் சேர்த்தா; விலைவாசி உயர்வைக் கழித்ததா, கழிக்காததா; எதோடு ஒப்பிட்டால் அதிகம். அதன் பிறகு, 2010இல் அமைக்கப்பட்ட ஓ.பி.ஆர். என்ற சுயேச்சையான நிதிக் கணிப்பு அமைப்பு என்ன சொல்கிறது என்று பாருங்கள். முதல் பதிலில் சொன்ன 2022 நெருக்கடியில் சந்தையை மிரளவைத்த காரணங்களில் ஒன்று, அந்த அமைப்பின் கணிப்பு இல்லாமலே அறிவிப்பு வெளியானது. 2025 நவம்பர் 26 அன்று நேர்மாறாக, நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் பேசத் தொடங்கும் முன்பே ஓ.பி.ஆர். ஆவணம் இணையத்தில் திறந்து கிடந்தது. அதன் தலைவர் சில நாள்களில் பதவி விலகினார்.

கருத்துக்கணிப்பை எவ்வளவு நம்புவது?

ஒரு கணிப்பில் ஏறி இறங்கும் ஓரிரு புள்ளிகளைச் செய்தியாகப் பேசும் அத்தியாயங்களைத் தாண்டிச் செல்லலாம். பல நிறுவனங்களின் போக்கு மாதக்கணக்கில் ஒரே திசையில் இருந்தால்தான் பொருள் உண்டு. தேர்தல் இரவு 10 மணிக்கு, கோடையென்றால் நம் நேரப்படி அதிகாலை 2.30க்கு, வெளியாகும் எக்ஸிட் போல் வேறு ரகம். ஏறத்தாழ 130 வாக்குச்சாவடிகளில், வாக்களித்து வெளியே வருபவர்களிடமே எடுக்கப்படுவது அது. 2024இல் தொழிற்கட்சிக்கு 410 இடங்கள் என்று அது சொன்னது.

என் மகள் மாணவர் விசாவில் அங்கே இருக்கிறாள். அவளுக்கு இதெல்லாம் ஏன்?

அவருக்கு வாக்குரிமை உண்டு என்பதால். பிரிட்டனில் வசிக்கும், தங்குவதற்கு அனுமதி பெற்ற, 18 வயது நிரம்பிய காமன்வெல்த் நாட்டினர் பொதுத்தேர்தலிலேயே வாக்களிக்கலாம்; இந்தியாவும் இலங்கையும் அதில் அடக்கம். வசிக்கும் முகவரியில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் கேட்பார்கள். நம் பாஸ்போர்ட் செல்லும். 2024இல் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் வென்ற உமா குமரன், மக்களவைக்குச் சென்ற முதல் தமிழர். அப்படிப்பட்ட தொகுதிகளில் காமன்வெல்த் வாக்காளர்களுக்குக் கணிசமான பங்கு உண்டு.

ஒரு எம்.பி. ராஜினாமா செய்ததாகச் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்தும் எம்.பி.யாகவே இருக்கிறாரே?

அறிவிப்பது வேறு, விலகுவது வேறு. 1624இல் நிறைவேறிய ஒரு தீர்மானத்தின்படி மக்களவை உறுப்பினர் நேரடியாக ராஜினாமா செய்ய முடியாது. சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ் அல்லது நார்த்ஸ்டெட் என்ற பெயரளவிலான அரசுப் பதவி ஒன்றை நிதியமைச்சரிடம் கேட்டுப் பெற்றால், அதனால் தகுதி இழந்து இடம் காலியாகும். 2023 ஜூனில் போரிஸ் ஜான்சன் சில நாள்களிலேயே அதைப் பெற்று வெளியேறினார். அதே வாரத்தில், உடனடியாக விலகுவதாக அறிவித்த நடீன் டோரிஸ், ஆகஸ்ட் கடைசி வரை விண்ணப்பிக்கவில்லை. இடைத்தேர்தல் பற்றிய பாட்காஸ்ட் ஊகங்கள் அத்தனையும் அதுவரை அந்தரத்தில் நின்றன.

பாட்காஸ்டில் கேட்டதைக் கட்டுரையிலோ தேர்விலோ எழுதலாமா?

கேட்டதை அப்படியே எழுத வேண்டாம். அவையில் பேசப்பட்டது எதுவானாலும் ஹான்சார்ட் என்ற அதிகாரபூர்வப் பதிவில் இலவசமாகக் கிடைக்கிறது. பேசியவர் பெயரும் தேதியும் தெரிந்தால் தேடிவிடலாம். யார் எந்தப் பக்கம் வாக்களித்தார்கள் என்ற பெயர்ப் பட்டியலும் அங்கேயே உண்டு. மேலே சொன்ன 49 பேர் யார் யார் என்பதைக்கூட அதில் சரிபார்க்கலாம். பின்னணி விளக்கத்துக்கு மக்களவை நூலகத்தின் அறிக்கைகள் போதும். அவை உறுப்பினர்களுக்காக எழுதப்பட்டவை என்றாலும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தொகுப்பாளரின் கருத்தையே மேற்கோள் காட்ட வேண்டியிருந்தால், அத்தியாயம் வெளியான தேதியையும், அவர் முன்பு வகித்த பதவியையும் சேர்த்தே எழுதுங்கள்.